உன் அப்பாவின் பூட்ஸை நீ கட்டியிருக்கக் கூடாது

அமலுக்கு,

கோப்பை வென்றதைக் கொண்டாட நம் கால்பந்துக் கழகம் ஒரு மலர் போடுகிறதாம். செயலாளரின் தாயார் என்ற முறையில் நான் ஒரு பக்கம் வாழ்த்து எழுதித் தர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது வழிமறித்துக் கேட்டார்கள். பதின்மூன்று வருடமாக நீ என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறாய். ஊருக்கு நான் சூசையின் இரண்டாவது சம்சாரம். கோப்பை வந்ததும் தாயார் ஆகிவிட்டேன். சரி, தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் உட்கார்ந்து எழுதினால் வாழ்த்து வரவில்லை, இதுதான் வருகிறது. போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். உன் அப்பாவுக்கு நீ சொல்ல வேண்டியதை ஊரே படிக்கிற வாட்ஸப் குழுவில் சொன்னாய். உனக்கு நான் சொல்ல வேண்டியதை ஊர் படித்தால் மட்டும் என்ன கெட்டுவிடப் போகிறது? வீட்டு விஷயத்தை வெளியே பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தையும் நீதான் ஆரம்பித்து வைத்தாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கணக்கு சரி. அது தப்பு என்று நிரூபிக்க இந்தத் திருவிழா முழுக்கக் காத்திருந்தேன், முடியவில்லை. தப்பாகப் போயிருந்தால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் சந்தோஷமாகவே எழுதியிருப்பேன்.

ஆடி மாதத்தில் நீ ஊருக்கு வந்திருந்தபோது நான் அடுப்படியில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ அலமாரியிலிருந்து ஏழு எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாய். அதில் ஒடுங்கின மூன்றை மட்டும் என் பக்கம் தள்ளினாய். "இந்த மூணும் ரெண்டு வருஷத்துல ஓட்டையாகிரும் சித்தி. ஆனா இன்னைக்கு ஒருத்தன் வந்து கேக்குறான். இப்பவே குடுத்துட்டா, அவன் கடைக்கு அடுத்தடுத்த வருஷம் வர்ற புது டம்ளர்ல நமக்குப் பிடிச்ச ரெண்ட நம்மதான் முதல்ல எடுப்போம்" என்றாய். எந்த டம்ளர் நல்லதாக வரும் என்று இப்போதே எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியாது. முதல்ல எடுக்குற உரிமையத்தான் வாங்குறோம். அமெரிக்காவுல பெரிய டீமெல்லாம் இப்படித்தான் பண்றாங்க. வயசானவங்களக் குடுத்துட்டு, காலேஜ்லருந்து வரப்போற பையன்கள முதல்ல எடுக்குற உரிமைய வாங்கி வச்சுக்குவாங்க" என்றாய். ஒடுங்கின டம்ளர் அவனுக்கு எதற்கு என்று கேட்டேன். "அவன் வீட்டுல விருந்து இந்த வருஷமே இருக்கே" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நல்ல யோசனை என்றுகூடச் சொன்னேன். புத்தகத்தில் படிக்கிற மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. நீ பெயர் சொல்லாமல் கேட்டாய், நான் பெயர் தெரியாமல் சரி என்றேன். எழுந்து போகும்போது நான்கு டம்ளரை மட்டும் அலமாரியில் திரும்ப வைத்தாய். மூன்று தரையிலேயே கிடந்தன. கால் தட்டி ஒன்று உருண்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

டவுன் கிளப்பில் இந்த வருடம் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டிக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதும், அவர்கள் நடத்துகிற பயிற்சிப் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ முடிக்கிற பையன்களில் முதல் இரண்டு பேரை நம் கழகம் எடுத்துக்கொள்ளலாம் என்று நீ பேசி முடித்துவிட்டாய் என்பதும், இந்த வருடத்துப் பையன்களிலிருந்தே அது தொடங்குகிறது என்பதும் எங்களுக்கு அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது. உன் அப்பாவின் போன் சத்தம் கொடுத்தது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, எதிரே தோசை தின்றுகொண்டிருந்த உன்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, சத்தமாகவே வாசித்தார். கழகத்துக்குத் தங்கள் இளமையைத் தந்த கீப்பர் சவரி, பேக் சூசை, நடு ஆட்டக்காரர் முத்தையா மூவருக்கும் நன்றி, இனி அவர்கள் டவுன் கிளப்பின் சட்டையில் மின்னுவார்கள், வருங்காலம் நமதே.

"என் பேரு ரெண்டாவதா வருது" என்றார்.

"அகர வரிசைப்பா" என்றாய்.

"வாயால சொல்லியிருக்கலாமேடா. இந்தா இருக்கேன், ஒரு முழத் தூரம்."

"மூணு பேருக்கும் ஒரே நேரத்துல தெரியணும்ல. உங்களுக்கு மட்டும் முதல்ல சொன்னா, அப்பனுக்குச் சலுகைன்னு பேசுவாங்க. அதான் முறை."

"முறைதான்" என்றார். "தோசை ஆறுது. சாப்புடு."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலையில் முத்தையா அண்ணன் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமலே கத்தினார். "ஏய்யா சூசை, நம்மளப் பல்லப் புடிச்சுப் பாத்தாய்ங்களா, இல்ல நடக்கவிட்டுப் பாத்தே வெல பேசிட்டாய்ங்களா?" உன் அப்பா உள்ளேயிருந்தே பதில் கொடுத்தார். "ஒனக்குத்தான் முன்பல்லே இல்லையேய்யா, எங்குட்டுப் புடிச்சுப் பாக்க?" இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். நீ மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

உன் அப்பாவை விலக்கியதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. மின்வாரிய வேலைக்கே முழங்காலில் கட்டுப் போடாமல் அவரால் கம்பத்தில் ஏற முடியவில்லை, பிறகு பந்தை எங்கே துரத்துவது? போன வருடம் தேவகோட்டைப் பையன் ஒருவன் அவரைத் தாண்டிப் போனபோது, அவர் திரும்பி முடிப்பதற்குள் கோல் விழுந்துவிட்டது. அன்றே நான் சொன்னேன், போதும் என்று. நீயும் அவரைக் கூப்பிட்டு, அப்பா, போதும்பா என்று சொல்லியிருந்தால் அவர் ஓய்வு பெற்றவர் ஆகியிருப்பார். ஓய்வு பெற்றவருக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது, மைதானத்து ஓரத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, பையன்களைத் திட்டுகிற உரிமை இருக்கிறது. நீ அவரை நிறுத்தவில்லை. கொடுத்து, பதிலுக்கு ஒன்றை வாங்கிக்கொண்டாய். அந்த ஒன்று யார் என்று அப்போது உனக்கே தெரியாது. ஒருவரை வேண்டாம் என்பது வேறு. அவருக்குப் பதிலாக யார் வந்தாலும் சரி என்பது வேறு. இந்த இரண்டாவதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனுஷர் எப்படி அடுத்த தோசையைத் தின்றார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். நீ மரியாதை செய்யக் கிளம்பாமல் இருந்திருந்தால்.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் கோயிலில் இருந்தோம். நீ வீட்டுக்குப் போய், கதவுக்குப் பின்னால் கிடந்த அவருடைய பழைய பூட்ஸைத் துடைத்து, கோயிலுக்குப் பின்னால் கல் அடுக்கிக் கட்டியிருக்கிற மாதா கெபிக்கு எடுத்துப்போய், முன்னால் இருக்கிற கம்பி வேலியில் கட்டினாய். மேலே அவர் போட்டு ஆடிய ஐந்தாம் நம்பர் சட்டையையும் மாட்டி, போட்டோ எடுத்து, 'நன்றி அப்பா' என்று போட்டாய். விடிந்ததும் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாய், புது வேலைக்கு.

அந்தக் கம்பியில் பூட்ஸ் தொங்குவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். கட்டுவதைப் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து நீ மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாய். திருவிழாவுக்கு வருவாய், தேர் பார்ப்பாய், கொடியிறக்கத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவாய். ஆட்டத்தை விடுகிறவர் கொடியிறக்கத்தன்று கடைசி ஆட்டத்தில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, நடு மைதானத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, வெறுங்காலோடு கெபிவரை நடந்துபோய், தன் கையால் கட்டுவார். தன் கையால் என்பதுதான் அதில் முக்கியம். எப்போது போதும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த வருடம் கொடி ஏறுவதற்கு முன்னால், கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை அவிழ்த்து வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். அடுத்தவர் கை கட்டிய பூட்ஸ் என்றால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். நம் அணியில் ஆடிய லூர்து பைக்கில் அடிபட்டுச் செத்தபோது அவன் தம்பி கட்டினான். அவ்வளவுதான் வழக்கம். உன் போட்டோவை ஊர் பார்த்தது. ஆனால் திருவிழாவுக்கென்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் போட்டோவைப் பார்க்கவில்லை, கெபியைத்தான் பார்த்தார்கள்.

தேர் அன்று மத்தியானம் வாசலில் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. கொத்தமங்கலத்திலிருந்து உன் பெரியம்மா, உன்னைப் பெற்ற அம்மாவின் அக்கா. இந்த ஊரில் பிறந்தவள், கெபிக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருக்கிறாள், ஐந்தாம் நம்பரைப் பார்த்திருக்கிறாள். அங்கே நின்ற பையனிடம், யாருப்பா கட்டுனது என்று கேட்டிருக்கிறாள். அவர் மகன்தான் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை, மாரில் அடித்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் உன் அப்பா போய்க் கதவைத் திறந்தார். லுங்கி, பனியன், கையில் பாதி கடித்த முறுக்கு.

"ஐயோ, இருக்கீகளா!" என்று அலறிவிட்டு அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கேன் மதினி. வெயில்ல நிக்காதீக, உள்ள வாங்க. காப்பியக் குடிச்சிட்டு அழுவீகளாம்."

"எந்த எடுபட்ட பய கட்டுனான்?"

"நம்ம பயதான்" என்றார். "தெரியாம மரியாத பண்ணிட்டான். இதுல ஒரு நல்லதும் இருக்கு மதினி. நான் செத்தா யார் யாரு அழுவாகன்னு உசுரோட பாக்குறது எத்தன பேருக்குக் கெடைக்கும்?"

பெரியம்மா அழுகையும் சிரிப்புமாக என் பக்கம் திரும்பினாள். "நீ வீட்டுல என்னடி பண்ணுன? பெத்தவளா இருந்தா அந்தப் பூட்ஸ எடுக்கவிட்டுருப்பாளா?" நான் காப்பிக்குப் பால் எடுக்க உள்ளே போய்விட்டேன். பால் எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

அன்று இரவே உனக்குப் போன் செய்தேன். வழக்கம் எனக்குத் தெரியாது சித்தி என்றாய், நம்பினேன். கோயில்பிள்ளையை அவிழ்க்கச் சொல்லுங்கள் என்றாய். அவரும் அவிழ்க்க வந்தார், ஏணிகூடக் கொண்டுவந்தார். உன் அப்பாதான் வேண்டாம் என்றுவிட்டார். "கட்டுனவன் வந்து அவுக்கட்டும்." அதை உன்னிடம் சொன்னபோது, "இதுக்காக ஒரு நாள் லீவு போட முடியுமா சித்தி? சேர்ந்து பத்து நாள்கூட ஆகல" என்றாய். அதுவும் நியாயம்தான். உன் எல்லாமே நியாயமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் இறுதி ஆட்டம். நீ போனில் பார்த்திருப்பாய், ஆனால் போனில் தெரியாதது ஒன்று இருக்கிறது. உன் அப்பா கழகத்துக்காரர்கள் உட்கார்ந்த பந்தலுக்குப் போகவில்லை, எதிரணிப் பக்கமும் போகவில்லை. கன்னியர் மடத்துச் சுவரோரம், கோல் கம்பத்துக்குப் பின்னால், எந்தப் பக்கத்திலும் சேராத ஓர் இடத்தில் தனியாக நின்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். நீ முதலில் எடுத்த பையன், ஆகாஷ், மீசை அரும்புகிற பிள்ளை, அவனுக்குத்தான் ஐந்தாம் நம்பர் கொடுத்திருந்தார்கள். அவன் ஆடியதை நான் குறை சொல்ல மாட்டேன். பின்னாலிருந்து பந்தை எடுத்து மூன்று பேரைத் தாண்டி அவன் கொடுத்த பந்தில்தான் கோல் விழுந்தது. ஊர் எழுந்து கத்தியது. உன் அப்பா கைதட்டினார். நிதானமாக, வேலை முடிந்தபின் கையைத் தட்டித் தூசி உதறுகிற மாதிரி. பிறகு என்னிடம் சொன்னார். "எடது காலு தங்கம் மாதிரி இருக்கு அவன்ட்ட. அமல் ஏமாறல. என்னைய வித்ததுல நட்டமே இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கேலி இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இல்லை. ஒரு ஆட்டக்காரர் இன்னொரு ஆட்டக்காரரின் கணக்கைச் சரிபார்த்துச் சொல்கிற குரல்தான் இருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஊருக்குக் கோப்பை வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வழக்கப்படி கெபிக்குப் போனார்கள். அங்கே அவர் பூட்ஸுக்குக் கீழேயே கோப்பையை வைத்துப் படம் எடுத்தார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போகாமல் கண்மாய்க் கரை வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தோம். கொடியிறக்கத்துக்கும் போகவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் டவுனுக்குப் பயிற்சிக்குப் போய்வருகிறார். புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "நல்லாத்தான் வச்சிருக்காய்ங்க, முட்டைகூடக் குடுக்குறாய்ங்க" என்கிறார். எங்குட்டுச் சுத்திப் போறீக என்று கேட்டேன், கோயில் வழி கிட்டக்க இல்லையா என்று. கோட்டையூர் ரோட்டில் காற்று நன்றாக வருகிறது என்றார். காற்று! நம் மைதானத்தைத் தாண்டாமல் டவுனுக்குப் போக அது ஒன்றுதான் வழி.

நான் உனக்கு எப்போதும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது, உனக்கு ஒன்பது. ஒருவர் போன இடத்துக்கு இன்னொருவராக வந்தவள் நான். எனக்கும் அப்போது பேர் கிடையாது, புதுசு, அவ்வளவுதான். அதனால்தான் அந்த ஆகாஷ் மீது எனக்குக் கோபமே வரவில்லை. வாசல்படிக்கு உள்ளே, இடது பக்கம், உன் அம்மாவின் செருப்பு கிடந்தது. நீலவார் ரப்பர் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்தது. அவள் கழற்றிப் போட்ட மாதிரியே ஒன்று நேராகவும் ஒன்று சாய்ந்தும் இருந்தது. வந்த மறுநாள் கூட்டும்போது அதை எடுத்து ஓரமாக வைக்கக் குனிந்தேன். உன் அப்பா கட்டிலில் இருந்து, "அத எடுக்காத" என்றார். எனக்கு முகம் செத்துப்போனது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எனக்காகச் சொல்லல. அவன் எடுக்கட்டும். அவனுக்கு எப்பத் தோணுதோ அப்ப." நான் கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டினேன். விருந்தாள் வந்தால், யாருது என்று கேட்டால், தண்ணீர் கொண்டுவரப் போவேன். என் செருப்பை வெளியே வெயிலில் விட்டேன். இரண்டு வருடம் அப்படிப் போனது. அந்த இரண்டு வருடத்தில் அவர் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னையும் கேட்கவிடவில்லை. என் அம்மா வந்து பார்த்துவிட்டு, உன்னை இந்த வீட்டில் எங்கேடி வைத்திருக்கிறார்கள் என்று அழுதுவிட்டுப் போனாள். ஹாஸ்டலுக்குப் போகிற அன்று காலையில் நீயே அதை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, உன் டிரங்குப் பெட்டியில் வைத்தாய். அப்போது அவர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டார். அன்றைக்குச் சாயங்காலம்தான் என் செருப்பு வீட்டுக்குள் வந்தது.

அமல், உன் கை தானாக நீளும்வரை காத்திருந்தவருடைய பூட்ஸை நீ கொடியிறக்கம்வரைகூட விட்டுவைக்கவில்லை. எனக்குக் கசப்பு இதுதான், கோப்பையைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தாலும் இது போகாது. அணி கட்டுவது எப்படி என்று நீ படித்ததில் தப்பில்லை. வயதானவர்கள் போக வேண்டும், இளையவர்கள் வர வேண்டும், காத்திருந்தால் தோற்போம், எல்லாம் சரி. அதைச் செய்யத் தெரிந்தவனாகத்தான் உன்னை வளர்த்தோம். ஆனால் அந்தப் படிப்பில் கொடுக்கப்படுகிறவன் வீடு திரும்புகிற இடம் எங்கேயும் வரவில்லை. அவன் எந்த வழியாகப் போவான், எந்தச் சுவரோரம் நிற்பான் என்று யாரும் எழுதவில்லை. நீ இன்னும் பல பேரைக் கொடுப்பாய், வாங்குவாய், இனி அதுதான் உன் வேலை. ஒவ்வொரு தடவையும் எதிரே உட்கார்ந்து, வாயால் சொல். தோசை ஆறினால் ஆறட்டும்.

நேற்று நல்ல மழை. சாயங்காலம் நான் மட்டும் கெபிக்குப் போனேன். தோல் ஊறிக் கறுத்துப்போய்விட்டது, உள்ளே தண்ணீர் நிற்கிறது. கயிறு இறுகிவிட்டதால் முடிச்சு இனி சுலபத்தில் அவிழாது. யாரோ வெளியூர்க்காரர் கீழே மெழுகுவர்த்தி வேறு ஏற்றிவைத்திருந்தார். நான் அதை அணைக்கவில்லை, தொடவும் இல்லை. இந்த வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று நான் வந்த மறுநாளே கற்றுக்கொண்டவள்.

லீவு கிடைக்கும்போது வா. முடிச்சை அறுக்க வேண்டாம், உட்கார்ந்து அவிழ். பூட்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசல்படிக்கு உள்ளே, இடது பக்கம் வை. அங்கே இருந்து அதை எப்போது எடுப்பது, கெபிக்கு எப்போது கொண்டுபோவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார், எத்தனை வருடம் ஆனாலும் நான் சுற்றிக் கூட்டிக்கொள்கிறேன். கதவைத் தட்டினால் அவர்தான் வந்து திறப்பார். உன் பெரியம்மா மாதிரி அலறிவிடாதே.

சித்தி